ஜாரெலின் தாய்மாமன்

எல்வுட் பிகெட் டொலீடோ மாநகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் கால் நூற்றாண்டுக்கு மேல் குழாய் மேஸ்திரியாக இருந்தார். நான் அவருக்குக் கீழே பொக்லைன் ஓட்டினேன். லாரி ஓட்டியவன் லைல். தெருவுக்கு அடியில் மெயின் குழாய் வெடித்தால் நாங்கள் மூவரும் போய்த் தோண்டி, அடைத்து, மூடிவிட்டு வருவோம். எங்கள் ஊரில் குழாய் வெடிப்பது பனிக்காலத்தில்தான். மண்ணே கல்லாக இறுகிக் கிடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் வீட்டில் இருந்ததைவிட நாங்கள் லாரிக்குள் இருந்ததுதான் அதிகம். லாரிக்குள் எப்போதும் ரேடியோ ஓடும். ரேடியோவில் எப்போதும் பைலட்ஸ் பற்றிய பேச்சு ஓடும்.

பைலட்ஸ் எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி. அதன் பாயிண்ட் கார்டு ஜாரெல் பீமன். பந்தைக் கொண்டுவந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுத்து, ஆட்டத்தை நடத்துகிற இடம் அது. அந்த இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன். வெளியூரிலிருந்து வந்தவனும் இல்லை, டோர் தெருவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவன். எல்வுட்டின் தங்கை வெர்லீனின் மகன்.

எல்வுட்டுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி நடீன் கல்யாணமான ஆறாம் வருடமே அட்லாண்டாவுக்குப் போய்விட்டாள். வெர்லீனின் புருஷன் அதற்கும் முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தான். ஆக, ஒரு பையன், ஒரு அம்மா, ஒரு மாமன் என்று அந்தக் குடும்பம் ஓடியது. வெர்லீன் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தாள். பையனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போவது, காத்திருந்து கூட்டிவருவது, ஷூ கிழிந்தால் வாங்கிக் கொடுப்பது எல்லாம் எல்வுட். தானும் பள்ளியில் ஆடியவர்தான். ஆனால் கடைசி வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள். "நான் ஆடினதவிட துண்டு எடுத்துக் குடுத்ததுதான் ஜாஸ்தி," என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பைலட்ஸ் ஜாரெலை எடுத்துக்கொண்ட வருடம் எல்வுட்டின் நடையே மாறிவிட்டது. அதுவரை அலுவலகத்தில் அவரை யார் என்று கேட்டால் நாலு பேர் யோசிக்க வேண்டியிருந்தது. இப்போது பொறியாளர்கள் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். தோண்டுவதற்காக வாசலை மறித்தால் கத்துகிற வீட்டுக்காரர்கள்கூட, ஜாரெலின் மாமா என்று தெரிந்ததும் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல இடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துவிட்டு வருவார். "மருமகன் டிக்கெட் அனுப்பிச்சான். வேணாம்னா கேக்க மாட்டேங்குறான்" என்பார்.

ஒரு சனிக்கிழமை நான் என் மகளுக்கு டிக்கெட் வாங்க மைதானத்துக்குப் போனேன். ஜன்னல் வரிசையில் எனக்கு நாலு பேருக்கு முன்னால் எல்வுட் நின்றுகொண்டிருந்தார். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். காசு கொடுத்து ஒரே ஒரு டிக்கெட் வாங்கி உள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். திங்கட்கிழமை லைல், "என்ன, இந்த வாரமும் மருமகன் டிக்கெட் அனுப்பினானா?" என்று கேட்டபோது, "பின்ன?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பையனைச் சுற்றி ஏஜெண்டு, வக்கீல், சமையற்காரன், அந்த ஆள், இந்த ஆள் என்று ஒரு கூட்டம் வந்துவிட்டிருந்தது. போன் நம்பர் இரண்டு தடவை மாறியிருந்தது. ஜாரெல் மாமாவை வெறுக்கவில்லை. நேரமில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னால் எல்வுட்டுக்கு அவமானம்.

மூன்றாம் வருடம் பைலட்ஸ் திடீரென்று நன்றாக ஆட ஆரம்பித்தது. நன்றாக ஆடினால்தான் எங்கள் ஊருக்குப் பைத்தியம் பிடிக்கும். இன்னும் ஒரே ஒரு ஆள், தூரத்திலிருந்து பந்து போடுகிற ஒரே ஒரு ஆள் இருந்தால் கோப்பை நமக்குத்தான் என்று பேச்சு கிளம்பியது. சான் டியேகோ அணியில் கோல்பி ரென்ஷா என்று ஒருவன் இருந்தான். முப்பத்து மூன்று வயது. அவனைக் கொடுக்கத் தயார், பதிலுக்கு ஜாரெலைக் கேட்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஆட்களை மாற்றிக்கொள்ள பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை கடைசி நாள். அந்த வியாழன் வரைக்கும் ஊரில் வேறு பேச்சே இல்லை. எங்கள் லாரிக்குள்ளும் இல்லை.

"இன்னும் எத்தன வருஷம் காத்திருக்கச் சொல்ற?" லைல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே கத்துவான். "எங்கப்பா காத்திருந்து காத்திருந்து போய்ச் சேந்துட்டாரு. எனக்கு முட்டி ரெண்டும் போயாச்சு. எனக்கு இந்த வருஷம் வேணும்யா. இந்த வருஷம்!"

"இந்த வருஷம் ஜெயிச்சுட்டு அடுத்த வருஷம் என்ன பண்ணுவ? ரென்ஷாவ சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளுவியா?" என்பார் எல்வுட்.

"தள்ளுறேன். கோப்பைய அவன் மடியில வச்சுத் தள்ளுறேன். உன் மருமகனுக்குத் தூரத்துலேந்து போட வருதா, அதச் சொல்லு. எதிராளி அவன விட்டுட்டு அந்தாண்ட போய் நிக்கிறான். 'போடு ராசா, போடு'ன்னு வேடிக்க பாக்குறான். அஞ்சு பேரு ஆடுற ஆட்டத்துல நாம நாலு பேர வச்சு ஆடிக்கிட்டிருக்கோம்."

"அந்த நாலு பேருக்கும் பந்து எங்கேந்து வருது? நம்ம டீம்ல ஆடுற பிரிஸ்கோ போன வருஷம் வரைக்கும் யாரு? பேரு தெரியுமா உனக்கு? இன்னிக்கு நாட்டுலயே சிறந்தவங்க ஆடுற ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குக் கூப்புடுறான். கையில கொண்டாந்து வச்சா நீ கூடப் போடுவ, லைல். உன் வயித்தோட போடுவ."

"நோர்ப், நீ சொல்லு," என்று இருவரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. லைல் சொன்னதுபோல ஜாரெலை எதிராளி சும்மா விட்டுவைத்தான் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் இருபத்திரண்டு வயதில் இப்படிப் பந்து கொடுக்கிறவன் இருபத்தாறு வயதில் என்ன செய்வான் என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. அதையே சொன்னேன். "இவன் ஒரு வழவழா கொழகொழா," என்றான் லைல். எல்வுட்டும் தலையாட்டினார். அதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

கடைசி நாளுக்கு முந்தின வாரம் மன்றோ தெருவில் குழாய் வெடித்தது. பனிக்கு அடியில் வால்வைத் தேடிக்கண்டுபிடித்து மூட வேறு குழு வரவேண்டும். மூடாமல் தோண்ட முடியாது. லாரிக்குள் உட்கார்ந்து காத்திருந்தோம். ரேடியோவில் ரிக் டாலன் பேசிக்கொண்டிருந்தான். மத்தியானத்தில் ஊர்க்காரர்களைப் போனில் பேசவிட்டு, அவர்களைச் சீண்டிச் சிரிக்க வைப்பது அவன் தொழில்.

லைல் போனை எடுத்தான். "டாலன்கிட்ட சொல்லுங்க, எங்க லாரியில ஜாரெலோட சொந்த மாமா உக்காந்திருக்காரு," என்றான்.

"ஏய், வையுடா போன," என்றார் எல்வுட். ஆனால் கையை நீட்டிவிட்டார். நான் பார்த்தேன், நீட்டிவிட்டார்.

ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். லைல் குறைத்தான். போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டோம்.

"அண்ணே, வணக்கம். நீங்க ஜாரெலுக்கு என்ன வேணும்?"

"தாய்மாமன். அவங்கம்மா என் கூடப் பொறந்தவ."

"ரொம்ப சந்தோஷம். வச்சுக்கலாமா, வித்துரலாமா?"

எல்வுட் நன்றாகத்தான் ஆரம்பித்தார். ரென்ஷாவின் வயது, பிரிஸ்கோ எப்படி வளர்ந்தான், ஜாரெல் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளி முன்னால் இருக்கிறது, எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னார். லாரிக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பழகியதுதானே. டாலன் நடுவில் கொட்டாவி விட்டான். மைக்குக்குப் பக்கத்தில், கேட்கட்டும் என்றே விட்டான்.

"அண்ணே, இதத்தான் காலையிலேந்து ஊர்ல பாதிப் பேரு சொல்லிட்டாங்க. இதச் சொல்ல மாமா எதுக்கு? போன வாரம் கூட ஒருத்தரு சித்தப்பான்னு கூப்ட்டாரு. விசாரிச்சுப் பாத்தா சிகாகோவுல பீட்சா கடை வச்சிருக்காராம். நீங்க எங்க கடை வச்சிருக்கீங்க?"

லைல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். எல்வுட் போனை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தார்.

"நான் அவன வளத்தவன்யா."

"அப்பிடியா? அப்ப ஊருக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லுங்க. வளத்தவருக்கு மட்டும் தெரிஞ்சது. நம்புறேன்."

எல்வுட் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே தெருவில் தண்ணீர் ஓடி ஓடி உறைந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் வால்வுக்காரர்கள் வந்திருக்கலாம். வரவில்லை.

"சொல்றேன்," என்றார். "அவனுக்குப் பதினேழு வயசு. மாநிலப் போட்டிக்கு முந்தின மாசம். பஸ்ஸுல ஏறினவன் எறங்கி ஓடி நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டான். ரெண்டு வாரம் என் சோபாவுல படுத்துக் கெடந்தான். பக்கத்துல ஒரு வாளி. தண்ணி குடிச்சாலும் வாந்தி. போன் அடிச்சா கை நடுங்குது. 'மாமா, எனக்குப் பந்தே வேணாம், என்னால முடியல, எல்லாரும் என்னையே பாக்குறாங்க'ன்னு அழுவுறான். கொழந்த மாதிரி அழுவுறான். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன். அவங்கம்மாவுக்குக் கூட முழுசாத் தெரியாது. ரெண்டாவது வாரம் அவனா எந்திரிச்சுப் பந்த எடுத்துக்கிட்டு வெளிய போனான். நான் ஒரு வார்த்த சொல்லல. அவனாப் போனான். இன்னிக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி வாந்தி எடுத்துட்டுத்தான் உள்ள வர்றான். அவன் பயந்தவன்தான்யா. பயந்துக்கிட்டே வந்து ஆடுறான் பாரு, அதுக்குப் பேருதான் தைரியம். ரென்ஷாவுக்கு இருக்கா அது? ஒங்க யாருக்காவது இருக்கா?"

டாலன் ரொம்ப மென்மையாக, "அண்ணே, நம்பிட்டேன். இது போதும். ரொம்ப நன்றி," என்றான்.

போனை வைத்ததும் எல்வுட்டின் முகத்தில் அப்படியொரு தெளிவு. "எப்பிடி?" என்றார். லைல் ரேடியோவின் சத்தத்தைத் திரும்பக் கூட்டினான். நான், "நல்லா சொன்னீங்கண்ணே," என்றேன். அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஒரு மாமன் மருமகனுக்காகப் பேசியது நல்லதாகத்தானே தோன்றும்.

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் முழுசாக இல்லை. கடைசியில் தைரியம் என்று சொன்னதை வெட்டிவிட்டார்கள். 'கொழந்த மாதிரி அழுவுறான்' என்பது மட்டும் எல்லார் போனிலும் இருந்தது. மறுநாள் டாலன் தன் நிகழ்ச்சியை வாந்தி எடுக்கிற சத்தத்தோடு ஆரம்பித்தான். பெட்ரோல் பங்கில், மீன் வறுவல் விற்கும் சர்ச் கூடத்தில், அலுவலக வரவேற்பில், எங்கும் அதே பேச்சு. வச்சுக்கலாமா, வித்துரலாமா என்பது போய், இப்படிப்பட்டவனை நம்பிக் கோப்பைக்குப் போகலாமா என்று ஆகிவிட்டது. "நாங்க சொல்லல, மாமனே சொல்லிட்டாரு," என்றார்கள்.

அடுத்த ஆட்டம் வெளியூரில். யாரும் மறிக்காமல் தனியாக நின்று போடுகிற இரண்டு ஃப்ரீ த்ரோவுக்காக ஜாரெல் நின்றபோது வளையத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன்கள் பிளாஸ்டிக் வாளிகளைத் தூக்கிக் காட்டினார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று விதவிதமாக. இரண்டையும் தவறவிட்டான். அதையாவது எதிரி ஊர் என்று மன்னிக்கலாம். நாலு நாள் கழித்து எங்கள் ஊரிலேயே, எங்கள் மைதானத்திலேயே, மேல் வரிசையிலிருந்து எவனோ ஒரு வாளியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டிவியில் பார்த்தேன். ஜாரெல் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினான்.

"நான் என்ன கெட்டதா சொன்னேன்?" எல்வுட் அந்த வாரம் முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருந்தார். "நோர்ப், நீ பக்கத்துல இருந்தேல்ல? நான் நல்லாத்தானே சொன்னேன்?"

"நல்லாத்தான் சொன்னீங்க."

"வெட்டிட்டானுங்க. அவனுங்க வெட்டினதுக்கு நான் என்ன பண்றது?"

வெர்லீன் போனை எடுக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் செய்தி வந்தது: ஜாரெல் சான் டியேகோவுக்கு, ரென்ஷா எங்களுக்கு. 'இந்தக் கட்டத்தில் மனஉறுதி உள்ள, அனுபவசாலியான வீரர்கள் தேவை' என்று பைலட்ஸ் நிர்வாகம் அறிக்கை விட்டது. அதில் மனஉறுதி என்ற வார்த்தையை யார் வைத்தார்களோ. எல்வுட் அதைக் கேட்டுவிட்டு மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். "என்னக் கொண்டுபோய் வெர்லீன் வீட்ல விடறியா? ஓட்டுற நெலமையில நான் இல்ல," என்றார் என்னிடம்.

ஜாரெல் அம்மாவுக்குப் பக்கத்து ஊரான பெரிஸ்பர்கில் வீடு வாங்கிக் கொடுத்திருந்தான். வெர்லீன் கதவைத் திறந்தாள், வழிவிட்டாள். சமையலறையில் உட்காரச் சொல்லவில்லை, நாங்களாக நின்றோம். அடுப்பில் காபி சூடாக இருந்தது. அவள் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள்.

"வெர்லீன், நான் சொன்னது முழுசாக் கேட்டியா?"

"கேட்டேன். முழுசாத்தான் கேட்டேன்."

"அவனுங்க கடைசிய வெட்டிட்டானுங்க."

"கடைசி நல்லாத்தான் இருந்துச்சு, அண்ணா. மொதல்ல சொன்னத என்ன பண்றது?" அவள் குரல் உயரவே இல்லை. "அவன் எங்கிட்ட கூடச் சொல்லல. பெத்தவ எங்கிட்ட சொல்லல. ஒங்கிட்ட சொன்னான். யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னானா, இல்லையா?"

எல்வுட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சொன்னானா, இல்லையா?"

"சொன்னான்."

"அப்புறம்?"

"நான் அவனுக்காகத்தான்..."

"அவனுக்காக இல்ல. ரேடியோகாரன் ஒன்ன மாமான்னு நம்பணும். அதுக்காக."

எல்வுட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "இந்த மாத்துற பேச்சு ஒரு மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சுருச்சாம். ரேடியோவுலயே இன்னிக்குச் சொன்னாங்க. நான் பேசினதால இல்ல, வெர்லீன்," என்றார்.

"இருக்கலாம். எப்பவோ பேசி முடிச்சிருக்கலாம். அதுக்காக நீ எம்புள்ள துணிய உருவி நடுத்தெருவுல நிறுத்தினது இல்லேன்னு ஆயிருமா?"

மாடியிலிருந்து ஜாரெல் இறங்கி வந்தான். இரண்டு பைகள். டிவியில் பார்ப்பதைவிட ஒல்லியாக இருந்தான். எல்வுட் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"மாமா, வாங்க. எப்ப வந்தீங்க? சாப்டீங்களா?" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "வணக்கம் சார், நீங்களும் சாப்டீங்களா?" என்றான். இரண்டும் ஒரே குரல். "எனக்கு ஃப்ளைட் இருக்கு மாமா. ரோடெல்லாம் வழுக்குது, பாத்துப் போங்க." கை கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். கார் வந்தது, ஏறிப் போய்விட்டான். திட்டியிருந்தால் எல்வுட் பிழைத்திருப்பார் என்று நான் பின்னால் பலமுறை நினைத்ததுண்டு. வீட்டுக்கு வரும் வழி நெடுக அவர் வலது கையை மடியில் விரித்து வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ரென்ஷா வந்தான். மூன்று வாரம் கண்ணை மூடிக்கொண்டு போட்டான், எல்லாம் விழுந்தது. லைல் லாரியில் பாட்டுப் பாடினான். மார்ச்சில் ரென்ஷாவின் குதிகால் தசைநார் அறுந்தது. முப்பத்து மூன்று வயதுக் குதிகால். பந்து கொண்டுவர ஆள் இல்லாமல் பைலட்ஸ் கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே வெளியே வந்தது. அடுத்த வருடம் கடைசிக்கு முந்தின இடம். பிரிஸ்கோவும் போய்விட்டான்.

சான் டியேகோவில் ஜாரெல் முதல் வருடம் தடுமாறினான். இரண்டாம் வருடம் ஆல்-ஸ்டார். அங்கே ஒரு டிவிக்காரி அவனிடம் அந்த வாளிக் கதையைக் கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை. டாக்டரிடம் போவதையும், இன்னமும் பயம் இருப்பதையும் சொன்னான். அந்த ஊரே கைதட்டியது. எங்கள் ஓய்வறையிலும் அந்தப் பேட்டி ஓடியது. எல்வுட் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி பார்த்தார். "அப்போ யார் உங்களைப் பார்த்துக்கொண்டார்கள்?" என்று அவள் கேட்டாள். ஜாரெல், "சொந்தக்காரர் ஒருத்தர் வீட்ல இருந்தேன்," என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எல்வுட் சாண்ட்விச்சைத் திரும்பப் பொட்டலம் கட்டிவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் திரும்பியது. இப்படிப்பட்ட பையனை எவன் விட்டது, எந்த மடையன் விற்றது என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். நிர்வாகத்தைத் திட்டினார்கள், டாலனைத் திட்டினார்கள், டாலன் நிர்வாகத்தைத் திட்டினான். திட்டித் தீர்ந்த பிறகு விரல் நீட்டிக் குற்றம் சொல்ல ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தார். வாசலில் தோண்டினால் இப்போது காபி வரவில்லை. ஒரு கிழவி ஜன்னலைத் திறந்து, "நீதானே அந்த மாமன்?" என்று கேட்டுவிட்டு மூடினாள்.

"ஒன் வாய் சும்மா இருந்திருந்தா அவன் இன்னிக்கு இங்க இருந்திருப்பான்யா," என்றான் லைல் ஒரு நாள்.

நான் லைலின் பக்கம் திரும்பினேன். "டேய், வித்துரு வித்துருன்னு கத்தினவன் நீ. போன் போட்டதும் நீ."

"நான் ஆட்டத்தப் பத்திப் பேசினேன். வீட்டு விஷயத்த நானா பேசினேன்?"

எல்வுட் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். "வால்வ மூடிட்டானான்னு பாருங்கடா," என்றார்.

அந்தப் பனிக்காலத்தில் சான் டியேகோ அணி எங்கள் ஊருக்கு ஆட வந்தது. எல்வுட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு டிக்கெட் வாங்குறியா? அந்த ஜன்னல்ல இருக்குற பொண்ணுக்கு என் மூஞ்சி தெரியும்," என்றார். மேலே, கூரைக்குப் பக்கத்தில், மலிவு இருக்கையாக வாங்கச் சொன்னார். வாங்கினேன்.

ஜாரெல் பேரைச் சொன்னதும் மைதானம் முழுக்க எழுந்து நின்றது. எழுந்து நின்று அவ்வளவு நேரம் தட்டினார்கள். வாளி தொங்கவிட்ட அதே மேல் வரிசையிலும் தட்டினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் நாச்சோஸ் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த ஒரு தடியர், "நம்ம புள்ளடா! நம்ம புள்ள!" என்று கத்தினார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். உட்கார்ந்த பிறகு எல்வுட்டின் பக்கம் சாய்ந்தார்.

"இவனுக்கு ஒரு மாமன் இருந்தான், தெரியுமில்ல?"

எல்வுட் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோகாரன்கிட்ட காசு வாங்கிட்டுக் காட்டிக் குடுத்துட்டானாம், பாவி. ஐயாயிரம் டாலராம். சொந்த ரத்தம். எப்பிடி மனசு வந்துச்சோ."

நான் வாயைத் திறந்தேன். எல்வுட் என் தொடையில் கை வைத்து அழுத்தினார்.

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் அந்த ஆளிடம்.

"இப்ப எங்க இருக்கான் அவன்?"

"தெரியல. ஊர விட்டுப் போயிட்டான்னு சொன்னாங்க."

"போவாம? இங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்பான்?" என்று சொல்லி அவர் நாச்சோஸ் தட்டை எல்வுட்டிடம் நீட்டினார். எல்வுட் ஒன்றை எடுத்துக்கொண்டார். வாயில் போடவில்லை. ஆட்டம் முடியும்வரை விரலுக்கிடையில் வைத்திருந்தார்.

கீழே, வீரர்கள் உள்ளே போகிற வழிக்குப் பக்கத்தில், வெர்லீன் வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகனோடு சான் டியேகோவுக்கே குடிபோய்விட்டிருந்தாள். ஊருக்கு வந்தும் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அவள் தலை ஒரு பொத்தான் அளவுதான். எல்வுட் ஆட்டத்தைவிட அந்த இடத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கும்போது, "எடது பக்கம் நல்லாப் போறான் இப்ப," என்றார். "முன்ன வராது. யாரோ ஒக்காந்து சொல்லிக் குடுத்திருக்காங்க." அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் ஆட்டம் பார்க்கவில்லை. லாரியில் ரேடியோ ஓடினால் இறங்கிப் போய் வெளியே நின்றார், எந்தக் குளிரானாலும்.

போன வருடம் மே மாதம் எல்வுட்டுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. உறவினர் யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது என் பெயரைக் கொடுத்திருக்கிறார். நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் வெள்ளைக்காரனான என்னையும் கறுப்பரான அவரையும் மாறி மாறிப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. வெர்லீனின் நம்பரை அங்கே இங்கே விசாரித்து வாங்கி நானே கூப்பிட்டேன்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். சொன்னேன். "எப்ப?" என்றாள். சொன்னேன். "சரி, சொன்னதுக்கு நன்றி," என்று வைத்துவிட்டாள்.

வரவில்லை. பூ வந்தது, கடையிலிருந்து. அட்டையில் பெயர் இல்லை. அவள் அனுப்பியதா, அலுவலகத்தில் அனுப்பியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மயக்கம் தெளிந்ததும் எல்வுட் முதலில் கதவுப் பக்கம் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன்.

"யாராவது வந்தாங்களா?"

"வர்றதாத்தான் இருந்தாங்கண்ணே. சான் டியேகோலேந்து ஃப்ளைட் கெடைக்கலையாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சீசன் நேரம். கெடைக்காது," என்றார்.

ஜாரெலின் சீசன் முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.